ஹெலிகாப்டர் அண்ணாச்சி

ஏழாமடையில் யாராவது ஹெலிகாப்டர் என்று சொன்னால் காற்று வரும். பக்கவாட்டில் வீசுகிற காற்றல்ல, மேலேயிருந்து நேராகத் தலையில் இறங்குகிற காற்று. சொன்னவரின் வேட்டியையோ சேலையையோ ஒரு உதறு உதறி, தெருப்புழுதியை வட்டமாகக் கிளப்பி, பக்கத்தில் படுத்திருக்கிற நாயை எழுப்பிவிட்டு அடங்கும். வாய் வராதவர்கள் எலிகாப்டர் என்று சொன்னாலும் வரும், காற்று அதையெல்லாம் பார்ப்பதில்லை. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் சொன்னால் வராது, பேப்பரில் எழுதியிருந்தால் வராது, அந்த ஊர் மண்ணில் கால் வைத்து நிற்கிற ஆள் வாய் திறந்து சொன்னால் மட்டும் வரும். ஏன் வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஏழாமடைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பசு ஏன் பால் கறக்கிறது என்று கேட்டவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போய்விடுவார்கள்.

ஊரில் எல்லாரும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். சுடலைவடிவு ஒருத்திதான் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது ஊருக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டது.

கட்சித் தலைவர் தேர்தல் பிரச்சாரத்துக்கு ஹெலிகாப்டரில் வருகிறார் என்றபோது, இறங்குவதற்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தைத்தான் பார்த்து வைத்திருந்தார்கள். அதை மாற்றியவர் பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி. ஒன்றியத்தில் பொறுப்பில் இருந்தவர், வெள்ளை வேட்டியில் பொட்டுச் சேறு படாமல் வயலுக்கு வந்துபோகத் தெரிந்தவர். தன் ஊரில், தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்தான் இறங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, ஏழாமடை நெற்களத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட வைத்தார். களத்துக்கு அடுத்த வரப்பு வடிவின் வாழைத்தோட்டம். கோயில் நிலம், அவள் புருசன் சிவனணைந்தான் குத்தகைக்கு எடுத்து ஏத்தன் வாழை போட்டிருந்தான். தார் முற்றி, மரம் கழுத்தைத் தொங்கப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஊன்றுகம்பு கொடுத்துத் தாங்கி வைத்திருந்த நேரம். ஏத்தன் காற்றுக்கு எப்படிப் பயப்படும் என்பது அந்த ஆற்றங்கரையில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். சிவனணைந்தான் அண்ணாச்சி வீட்டு வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்று, கொஞ்சம் தள்ளி இறக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டான்.

"ரெண்டு நிமிசக் காத்துலே," என்றார் பரமார்த்தலிங்கம். "அம்புட்டுப் பயமா இருந்தா நீ போயி மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிவனணைந்தான் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னதையும் வேலையாக எடுத்துக்கொள்கிற மனுசன் அவன். மறுநாள் ஊரே களத்தைச் சுற்றி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் தோட்டத்துக்குள் போய், ஓரத்து மரம் ஒன்றைப் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்று இறங்கியது. அவன் பிடித்த மரமும் விழுந்தது, அதற்கு அடுத்ததும் விழுந்தது, வரிசை வரிசையாகத் தோட்டமே படுத்தது, ஊன்றுகம்பு ஒன்று அவன் நெஞ்சில் இறங்கியது.

வடிவு ஓடிவந்து தாரையும் இலையையும் இழுத்துப் போட்டு அவன் தலையை மடியில் எடுத்தபோது களத்தில் மைக் செட்டில் தலைவர் பேசத் தொடங்கியிருந்தார். அவள் வாய் திறந்து கத்தினாள். ஒரு கத்துத்தான் வெளியே வந்தது. அதற்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கொம்பையா என்பவன் பின்னாலிருந்து அவள் வாயைப் பொத்தினான்.

"சத்தம் போடாதிய மதினி," என்றான் மற்றவன். "கூட்டம் முடியட்டும்னு அண்ணாச்சி சொல்லுதாவ."

கூட்டம் முடிகிற வரைக்கும் பொத்திய கையை எடுக்கவில்லை. மடியில் புருசன் குளிர்ந்துகொண்டிருக்க, மைக் குழாயில் கைதட்டல் வந்துகொண்டிருக்க, அந்தக் கையின் பீடி வாடையை மூக்கால் இழுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி பிறகு வந்து பார்த்து, உச்சுக் கொட்டி, குடித்துவிட்டு உள்ளே போயிருப்பான் என்று போலீசிடம் சொன்னார். கையை எடுத்த பிறகு வடிவு கத்தவில்லை. சுடுகாட்டுக்குத் தூக்கும்போதும் கத்தவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எத்தனை இழுத்தும் அவள் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் பேசினாள், கடையில் உப்பு கேட்டாள், பஸ்ஸில் டிக்கெட் கேட்டாள், கொத்து வேலைக்குப் போன இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை.

ஊர் சொல்லிற்று. சொல்லாமல் எப்படி இருக்கும்? தலைவர் இறங்கிய அழகை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி மாளவில்லை. சொன்ன இடமெல்லாம் காற்று இறங்கியது. டீக்கடைத் தகரம் பறந்தது, வைக்கோல் படப்பு கலைந்தது, அண்ணனிடம் தோட்டத்து வரப்பில் நின்று கதை சொன்ன தம்பியால் அண்ணனின் அரை ஏக்கர் படுத்தது. பஞ்சாயத்தில் கூடிப் பேசி, வாழைத்தோட்டத்துப் பக்கம் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று பஸ் நிறுத்தத்தில் போர்டு எழுதி வைத்தார்கள். எந்தச் சொல்லை என்று போர்டில் இருக்காது; வெளியூர் ஆள் எழுத்துக்கூட்டி வாசித்துத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் மேலே அது பறந்து போனால் தும்பி போகுது என்றார்கள், சுத்துறது என்றார்கள், புருசன் பேரைச் சொல்லாத பெண்கள் சாடை காட்டுவது போலத் தலைக்கு மேல் விரலைச் சுற்றிக் காட்டினார்கள்.

ஆறாம் வகுப்பு வாத்தியார் தங்கசிங்கம் படித்த மனுசன். அந்தச் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் திருகுச் சுருள், சிறகு என்று இரண்டு அர்த்தம் சேர்ந்திருக்கிறது, தமிழில் உலங்கு வானூர்தி என்று அழகாகச் சொல்லலாம், அப்படிச் சொன்னால் காற்றும் வருவதில்லை, நானே சோதித்துப் பார்த்துவிட்டேன் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னார். காற்று வராத சொல்லை வைத்துக்கொண்டு நாக்கை வழிக்கவா என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது, கூட்டம் சிரித்துக் கலைந்தது. ஏனென்றால் அதற்குள் ஊர் அந்தக் காற்றுக்கு வேலை கண்டுபிடித்திருந்தது. களத்தில் உளுந்தைக் குவித்துவிட்டுக் காற்றுக்காக வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம் போய், குவியலுக்கு முன்னால் நின்று சொல்லைச் சொல்லித் தூசியை ஓட்டினார்கள். இஸ்திரி போடுகிறவர் பெட்டிக் கரிக்கு மேல் குனிந்து மெதுவாகச் சொன்னார். கரண்ட் போன மத்தியானங்களில் வீட்டுக்கு வீடு முணுமுணுப்புக் கேட்டது. சண்டை வந்தால், ஒந் தோட்டத்துல வந்து சொல்லிருவேன் பாத்துக்க என்றார்கள், கெட்ட வார்த்தை பேசுவது குறைந்தது. கைப்பிள்ளை பேசத் தொடங்குகிற வீட்டில் தாய்மார் அம்மா சொல்லு, அப்பா சொல்லு என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், முதல் சொல் அதுவாகப் போய்விட்டால் ஓட்டுக்கூரை தாங்காது.

ஆனால் எதுவும் புழங்கப் புழங்கத் தேயும் இல்லையா. தினமும் சொல்லுகிற வாயில் காற்று மெலிந்து, கடைசியில் நெற்றி வேர்வையை ஆற்றுகிற அளவுக்குத்தான் வந்தது. சொல்லாத வாய்க்குத்தான் மவுசு. கல்யாணமாகி ஊருக்குள் வருகிற புதுப்பெண்ணை நேரே களத்துக்குக் கூட்டிப்போய், ஆரத்தி எடுத்து, நெற்குவியலுக்கு முன்னால் நிறுத்திச் சொல்ல வைக்கிற வழக்கம் அப்படித்தான் வந்தது. வாய்த்திறப்பு என்று அதற்குப் பேர். எந்த மருமகள் வாய்க்கு எவ்வளவு காற்று என்று மாமியார்கள் அளந்துகொண்டார்கள். அடைகிடக்கிற சொல்லுக்குப் பலம் கூடும் என்பதைக் காட்டியவர் கோயில் பூசாரி. அந்தச் சொல் தீட்டு என்று ஒரு கொடைத் திருவிழாவிலிருந்து மறு கொடை வரைக்கும் வாயிலேயே எடுக்காமல் இருந்தவர், கொடையன்று யாரோ கேட்டதற்கு ஞாபகப் பிசகாகச் சொல்லிவிட, போட்டிருந்த பந்தல் அப்படியே கிளம்பி வாய்க்காலுக்கு அக்கரையில் போய் உட்கார்ந்தது. அடுத்த ஊர்க்காரர்கள் பந்தலைத் திருப்பித் தர ரொம்பப் பிகு பண்ணினார்கள்.

அன்றைக்குத்தான் ஊர் முதல் தடவையாக வடிவைத் திரும்பிப் பார்த்தது.

பூசாரிக்கு ஒரு கொடைக்கே பந்தல் போச்சு, இவள் எத்தனை கொடையாக அடக்கி வைத்திருக்கிறாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு மிரண்டார்கள். அவள் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருந்தவர்கள் தூணைப் பிடித்தார்கள். மழை பொய்த்து இலை அசையாத ஒரு வருசம், எம்மா வடிவு, ஊருக்காக ஒரு வாட்டி சொல்லு, மேகமாவது தள்ளிக்கிட்டு வரும் என்று பெரிய மனிதர்கள் வந்து கேட்டார்கள். இது ஊருக்கு உள்ளதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஊருக்கெல்லாம் அந்தச் சொல்லுக்குக் காற்று என்று அர்த்தம். அவளுக்கு அதன் அர்த்தம் வாயில் அழுந்திய ஒரு கை.

பரமார்த்தலிங்கத்துக்கு அதே சொல் பட்டமாகியிருந்தது. ஊருக்குள் அதை இறக்கிய ஆள் என்பதால் ஹெலிகாப்டர் அண்ணாச்சி என்றால்தான் சுற்றுவட்டாரத்தில் தெரியும். சொன்னதும் காற்று வந்து அவர் தோள் துண்டைத் தூக்கும், அவர் அதை மெதுவாக இழுத்துப் போட்டுக்கொள்வார்; அந்தச் சுகத்துக்காகவே டீக்கடையில் ஆள் சேர்ந்தால், தலைவரை நான் எதுல எறக்குனேன் என்று கேட்டு, யாராவது சொல்லட்டும் என்று மோவாயைத் தூக்கிக் காத்துக்கொண்டிருப்பார். யாராவது சொல்வார்கள். துண்டு பறக்கும்.

சிவனணைந்தான் செத்த பிறகு கோயில் நிலத்தின் குத்தகை அவர் பேருக்குப் போனது. பெண்பிள்ளை தனியாக எப்படி வாழை வைப்பாள் என்று அவரே இரக்கப்பட்டுக்கொண்டார். விழுந்த மரங்களின் அடியில் பக்கக்கன்றுகள் கிளம்பியிருந்தன. அதையே பிரித்து நட வைத்தார். அவை வளர்ந்து குலை தள்ளி, அவற்றின் கன்றுகளும் குலை தள்ளி, சிவனணைந்தான் கட்டிப் பிடித்த மரத்தின் பேரப்பிள்ளைகள் அண்ணாச்சி தோட்டம் என்ற பேரில் நின்றன. வடிவு கொத்து வேலைக்குப் போகும்போது அந்த வரப்பு வழியாகத்தான் போக வேண்டும். அவளுக்கு அந்த ஆளைக் கொல்ல வேண்டும் போலிருந்தது, இதில் ஒளித்து மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சொல் போதும், தோட்டமே படுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பல தடவை வரப்பில் நின்று வாயைத் திறந்தும் இருக்கிறாள். மரங்களைப் பார்த்ததும் மூடிக்கொள்வாள். எம் புருசன் வச்ச மரத்துக் கன்னு, எவ் வாயால விழப்படாது என்று நினைப்பாள். அப்படியே அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போவாள்.

ஒருநாள் வடிவு டீக்கடைக்குப் பின்னால் கூலிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னால் அண்ணாச்சி, நான் எதுல எறக்குனேன் என்று வழக்கம்போலக் கேட்டார். அன்றைக்கு ஆள் குறைவு, இருந்த இரண்டு பேரும் வாயில் வடையை வைத்திருந்தார்கள். அவர் காத்திருந்தார். மறுபடியும் கேட்டார். அவர்கள் வடையை மென்று விழுங்கிச் சொல்லுகிற வரைக்கும் மோவாயைத் தூக்கியபடியே இருந்தாரே தவிர, தானாகச் சொல்லவில்லை. வடிவின் கை பாத்திரத்தில் நின்றது. தன் பட்டத்தைத் தானே சொல்லிக்கொள்கிற மனுசன் எங்கே இருக்கிறான்? ஊரில் சொல்லாத வாய் தன்னுடையது ஒன்றுதான் என்று அவளும் நினைத்திருந்தாள். இன்னொரு வாய் இருந்திருக்கிறது, அதுவும் அன்றிலிருந்தே அடைகாத்துக்கொண்டு இருக்கிறது, அது இருப்பது அந்த வாய்க்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. அவள் அன்று மீதிப் பாத்திரத்தை ரொம்ப நிதானமாகக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தார் முற்றத் தொடங்கியதும் தினமும் காலையில் போய் வரப்பில் நின்றாள். ஒன்றும் செய்யவில்லை, தோட்டத்தைப் பார்த்து வாயைத் திறப்பாள், கொஞ்ச நேரம் திறந்தபடி வைத்திருப்பாள், மூடிக்கொண்டு போய்விடுவாள். களை எடுக்கிற பெண்கள் பார்த்துவிட்டு ஓடிப் போய் அண்ணாச்சியிடம் சொன்னார்கள். அவர் முதலில் ஆளனுப்பினார், பாதித் தோட்டத்தை அவளுக்கே விட்டுவிடுகிறேன் என்றார். அவள் மறுநாளும் வரப்பில் வந்து நின்றாள். அப்புறம் கொம்பையாவைக் கூப்பிட்டு, தார் வெட்டு முடிகிற வரைக்கும் அவள் வாயைப் பொத்திப் பிடிக்க ஏற்பாடு செய்யச் சொன்னார்.

"அன்னைக்குப் பொத்துனதே இன்னும் கையில இருக்கு அண்ணாச்சி," என்றான் கொம்பையா. "சோறு தின்னும்போதெல்லாம் அவ மூச்சு சுடுது. வேற ஆளப் பாருங்க."

வேறு ஆள் கிடைக்கவில்லை. வாயைப் பொத்தப் போன இடத்தில் விரலிடுக்கு வழியாகச் சொல் வெளியே வந்துவிட்டால் என்ன ஆவது என்று எல்லாருக்கும் பயம். அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. ஒரு மரத்துக்கு ஒரு கம்பு இருந்த இடத்தில் இரண்டு கம்பு கொடுத்தார், மரத்துக்கு மரம் கயிறு கட்டினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சேற்றில் இறங்கினார். ஊர் அதையும் வேடிக்கை பார்த்தது. யாரும் அவளைப் போய்த் தடுக்கவில்லை.

வெட்டு நாளன்று ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே அவர் தோட்டத்துக்கு வந்துவிட்டார். வடிவு அவருக்கும் முன்னாலேயே வந்து, மரங்களுக்கு நடுவே ஓடுகிற ஆழமான வடிகாலில் இறங்கி நின்றாள். தண்ணீர் வடிந்து காய்ந்து கிடந்த பள்ளம், அவள் மார்பளவுக்கு இருந்தது. தோட்டத்தில் வேறு ஆள் இல்லை என்பதை ஒரு சுற்று பார்த்துக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

பரமார்த்தலிங்கம் அப்படியே நின்றார். பிறகு பக்கத்தில் நின்ற மரத்தை, தார் தோளில் இடிக்க, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் கை அப்படிப் போயிற்று. வடிவு அந்தக் கைகளையே பார்த்தாள். வாயை இன்னும் கொஞ்சம் திறந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"வேண்டாம் தாயி," என்றார் அவர். "தோட்டத்த நீயே எடுத்துக்க. ஒங் கால்ல வேணும்னாலும் விழுதேன். ஹெலிகாப்டர்னு மட்டும் சொல்லிராத."

வடிவு வாயை மூடினாள்.

ஒரு இலைகூட அசையவில்லை. அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அது மூடியதைப் பார்த்து அவர் முகத்தில் உயிர் திரும்பி வந்தது, வந்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் மேலே பார்த்தார். அவள் வடிகாலுக்குள் குனிந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

டீக்கடையில் அடுத்தவர் வாயால் சொல்ல வைத்துத் துண்டு பறக்கவிட்ட காலமெல்லாம் அவர் தான் சொல்லாமல் மிச்சம் பிடித்து வைத்திருந்த காற்று அத்தனையும், ஒரே இறக்கமாக இறங்கியது. கயிறு அறுந்தது, கம்புகள் தெறித்தன, வரிசை வரிசையாக மரங்கள் படுத்தன, அவளுடைய முதுகுக்கு மேலே இலைகள் கிழிந்து ஓடின. ஊருக்குள் ஓடுகள் கிளம்பிப் போய் ஆற்றில் விழுந்தன. பஸ் நிறுத்தத்துப் போர்டு போன இடமே தெரியவில்லை. அடங்கியபோது தோட்டத்தின் மேல் வெறும் வானம் இருந்தது.

அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தாள். விழுந்து கிடந்த மரங்களைக் கடக்கும்போது ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வந்தாள், ஆனாலும் நிற்கவில்லை. பரமார்த்தலிங்கம் அவர் பிடித்திருந்த மரத்துக்கு அடியில் கிடந்தார். இரண்டு கம்புகள் குறுக்கே விழுந்து காலையும் இடுப்பையும் அழுத்தியிருந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை, எலும்பு போயிருந்தது. அவளைப் பார்த்ததும் ஆளைக் கூப்பிடு, ஆளைக் கூப்பிடு என்று கத்தத் தொடங்கினார். வெட்டுக்கு வருகிற லாரி தூரத்து ரோட்டில் ஹாரன் அடித்தது. ஒரு சத்தம் போட்டால் அவர்களுக்குக் கேட்டுவிடும்.

வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வலது கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதிய அண்ணாச்சி," என்றாள். "கூட்டம் முடியட்டும்."

எந்தக் கூட்டம் என்று அவர் கண்கள் அவளைக் கேட்டன. களத்தில் யாரும் இல்லை, மைக் செட் இல்லை, ஒரு காக்கா நெல் பொறுக்கிக்கொண்டிருந்தது. லாரி தோட்டத்து முனையில் வந்து நின்று, ஆட்கள் இறங்கி, விழுந்து கிடக்கிற மரங்களைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி, அண்ணாச்சி என்று அழைத்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.